யானை நிக்குதுன்னு யார் சொல்றது?

மழைக்காட்டைத் தொழில்நுட்பம் வைத்துக் காப்பாற்றுவது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியிலேயே டிரோனும் சாட்டிலைட்டும் வந்துவிடுகின்றன, மூன்றாவது வரியில் ஏஐ. எனக்கு அவற்றின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ்தான் என் பிழைப்பு, ஒரு போர்டு கையில் கிடைத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டேன். ஆனால் வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவனிடம், காட்டில் உருப்படியாக வேலை செய்கிற கருவி எது என்று கேட்டால், பக்கத்தில் யானை நிற்கிறது என்று எச்சரிக்க ரோட்டோரக் கம்பத்தின் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கைத்தான் கை காட்டுவான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறினால் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டருக்கு மேட்டுநிலம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. 1890களில் தொடங்கி வெள்ளைக்காரத் துரைமார்கள் மழைக்காட்டை வெட்டி வெட்டித் தேயிலையும் காபியும் ஏலமும் போட்ட இடம் இது. வெட்டியது போக மீந்ததுதான் இன்று எஸ்டேட்டுகளுக்கு நடுவே அங்கங்கே நிற்கிற துண்டுக்காடுகள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால், இரவிகுளம். அதாவது ஊர் காட்டுக்குப் பக்கத்தில் இல்லை, காட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இங்கே 70,000க்குச் சற்று அதிகமான ஜனங்கள். வந்து போகிற யானைகள் நூறு அளவுக்கு இருக்கும் என்கிறார்கள்.

யானை தேயிலையைத் தின்னாது. அதற்கு வேண்டியது ஆற்றோரப் புல், வயல் என்று நாங்கள் சொல்கிற சதுப்பு, துண்டுக்காட்டின் நிழல். பகலெல்லாம் சோலைக்குள் நின்றுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடு ஆறு, சோலையாறு ஓரமாக இறங்கி அடுத்த துண்டுக்காட்டுக்குப் போகும். வெயில் தாழ்கிற நேரம்தான் எங்கள் ஆட்களும் கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டுக் கடைக்குப் போய் வருகிற நேரம், கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி லைனுக்கு நடக்கிற நேரம். ஒரே பாதை, ஒரே நேரம், பனிமூட்டம் வேறு. பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. அது சத்தமே போடாமல் நிற்கும் என்பது நேரில் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப முடியாத விஷயம். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு இலை அசையாது.

இந்த விளக்கெல்லாம் வருவதற்கு முன்னால், யானை அடித்து யாராவது செத்தால் அடுத்த நாள் மறியல், யானையை விரட்டு, அகழி வெட்டு, கரண்ட் வேலி போடு. இந்த ஊரில் வேலியை எந்தப் பக்கம் போடுவது? யானை வெளியிலிருந்து வருகிற விருந்தாளி கிடையாதே. குறுக்கே அடைத்தால் பக்கத்து எஸ்டேட் வழியாகப் போகும், அவ்வளவுதான்.

என்.சி.எஃப். என்று ஊரில் எல்லோரும் சொல்கிற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்கிற காட்டுயிர் ஆய்வு அமைப்பின் ஆட்கள் இங்கே வருஷக்கணக்காக யானைகளின் பின்னாலேயே நடந்து குறிப்பு எடுத்தார்கள். ஆனந்தகுமார் என்கிற ஆய்வாளர்தான் இதில் முன்னால் நின்றவர். அவர்கள் பழைய சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது வந்த விஷயம் ரொம்ப எளிமையானது: செத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யானை அங்கே நிற்பது தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டார்கள். யானை வேண்டுமென்று தேடி வந்து அடித்தது என்பதெல்லாம் ரொம்பக் குறைவு. ஆக, தீர்க்க வேண்டியது சேதி போய்ச் சேருகிற பிரச்சினை.

முதலில் லோக்கல் கேபிள் டிவியில் ஓட விட்டார்கள். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது திரையின் கீழே 'இன்ன எஸ்டேட், இன்ன பீல்டில் யானைகள் உள்ளன' என்று ஓடும். 2011ல் எஸ்எம்எஸ். உங்கள் நம்பரையும் எந்த எஸ்டேட் என்பதையும் கொடுத்துவைத்தால், உங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் யானை வந்தால் உங்களுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ குறுஞ்செய்தி வரும். ஊர் முழுவதற்கும் அனுப்புவதில்லை என்பதுதான் இதில் புத்திசாலித்தனம். தினமும் பத்து செய்தி வந்தால் யார் படிப்பார்கள்? பேங்க் மெசேஜை நாம் படிக்கிறோமா? அப்புறம் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தமிழில் குரல் அழைப்பு வந்தது. அப்புறம் விளக்கு.

விளக்கு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ரோடு திரும்புகிற இடத்தில், லைன் வீட்டுக்குப் பிரிகிற முனையில், யானை வழக்கமாகக் கடக்கிற ஓரத்தில் ஒரு உயரமான கம்பம். உச்சியில் சிவப்பு எல்இடி, விட்டு விட்டு எரியும். கம்பத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டும் ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டும். பதிவு செய்து வைத்த செல்போன் எண்ணிலிருந்து அந்த சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கு எரியும். யானை போனதும் அதேபோல அணைத்துவிடலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தே தெரியும், எதிர்மலையிலிருந்தும் தெரியும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் நட்டிருக்கிறார்கள். என்னை மாதிரி ஆட்கள் கல்லூரி ப்ராஜெக்டில் செய்கிற சர்க்யூட்தான், மோட்டார் பம்புக்கு விவசாயிகள் வைத்திருக்கிற செல்போன் ஸ்டார்ட்டருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

எங்கள் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ரிட்டயர்ட் ஆனவர். போனில் வருகிற எஸ்எம்எஸ்ஸை அவர் திறப்பதே இல்லை, குரல் அழைப்பு வந்தால் 'கம்பெனிக்காரன் பேசறான்' என்று கட் பண்ணிவிடுவார். ஆனால் சாயங்காலம் நான் பைக்கை வெளியே எடுத்தால் வாசலில் நின்று, "தம்பி, மேல லைட்டு எரியுதான்னு பாத்துட்டு வண்டிய எடு" என்பார். எரிந்தால் போக விடமாட்டார். பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வரக்காப்பி குடி என்பார். படிக்க வேண்டியதில்லை, போனில் சார்ஜ் இருக்க வேண்டியதில்லை, டவர் கிடைக்கிற இடத்தில் நிற்க வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால் போதும். இதற்கு மேல் ஒரு கருவிக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. சிவப்பு என்றால் நில் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவும் வேண்டியதில்லை.

இன்னொன்று. முதலில் என்.சி.எஃப். ஆட்கள்தான் விளக்கைப் போட்டார்கள், போகப் போக ஊர்க்காரர்களே போட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர், டிரைவர், சூப்பர்வைசர் என்று யார் முதலில் யானையைப் பார்க்கிறார்களோ அவர்கள் போனை எடுக்கிறார்கள். இது தானாக நடந்துவிடவில்லை. பகல் முழுவதும் ஜீப்பிலும் கால்நடையாகவும் சுற்றி, எந்தக் கூட்டம் எந்தச் சோலையில் நிற்கிறது, குட்டி இருக்கிறதா, ஒத்தை ஆண் யானையா என்று பார்த்துச் சொல்கிற உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள். வனத்துறை ஆட்களும் இருக்கிறார்கள். நாலு முறை யானை இல்லாமலே விளக்கு எரிந்திருந்தால் அஞ்சாவது முறை ஜனங்கள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2015ல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தில் விட்லி என்கிற இயற்கைப் பாதுகாப்பு விருது கொடுத்தபோது பத்திரிகைகள் 'யானைகளுக்கு எஸ்எம்எஸ்' என்கிற மாதிரி எழுதின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்எம்எஸ் போனது மனுஷனுக்கு.

சரி, பெரிய கருவிகளுக்கு வருவோம். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இப்போது வேட்டைத் தடுப்புக் காவலர். அவன் முதுகில் தூக்கிப்போகிற தானியங்கி கேமராவை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பச்சையும் பழுப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மரத்தில் முழங்கால் உயரத்தில் பெல்ட் போட்டுக் கட்டுவார்கள். முன்னால் ஒரு சென்சார், எதிரே போகிற உடம்பின் சூடும் அசைவும் சேர்ந்து தெரிந்தால் படம் எடுக்கும். பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்க வேண்டும், ஏனென்றால் புலியின் இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் ஒன்றாக இருக்காது, ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஒரு புலியை இரண்டாக எண்ணிவிடுவோம். கேட்க எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மழைக்காட்டில் என்ன ஆகும் என்றால், லென்ஸுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், பெட்டிக்குள் எறும்பு முட்டை வைக்கும், வெயில் பட்ட இலை காற்றில் ஆடினால்கூட சென்சார் ஏமாந்து நூற்றுக்கணக்கில் வெறும் புல் படமாக எடுத்துத் தள்ளும், போதாததற்கு யானை வந்து பிடுங்கிப் பந்தாடிவிட்டுப் போகும். மெமரி கார்டை எடுத்துவர மறுபடியும் அதே அட்டைக்கடியில் ஏறி இறங்க வேண்டும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், சாக்ஸுக்கு மேல் மூக்குப்பொடி தடவிக்கொண்டு நடப்பார்கள்.

2018ல் நாடு முழுக்கப் புலிக் கணக்கெடுப்பு நடந்தபோது 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல். அதில் புலி இருந்த படம் 76,651தான், சிறுத்தை 51,777. இந்தக் கணக்கெடுப்பு கின்னஸில்கூட இடம் பிடித்தது. மிச்சமெல்லாம் மான், காட்டுப்பன்றி, மாடு, மனுஷன், புல். இத்தனை கோடிப் படத்தை ஆள் உட்கார்ந்து பார்க்க முடியாது, அங்கேதான் மென்பொருள் உண்மையிலேயே கை கொடுக்கிறது, எது எந்த மிருகம் என்று பிரித்து வைத்துவிடுகிறது. ஏஐ என்று யாராவது சொன்னால் நான் மரியாதையாகத் தலையாட்டுவது இந்த இடத்தில்தான். ஆனால் இந்தப் படம் எதுவும் அன்றைக்குச் சாயங்காலம் லைனுக்கு நடந்து வருகிற ஆளுக்கு உதவாது. கார்டு இறங்கி, கணினியில் ஏறி, கணக்காகி வருவதற்கு மாதங்கள் ஆகும். எத்தனை புலி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது வேண்டும், மறுக்கவில்லை.

ரேடியோ காலர் கதை வேறு. 2023 பிப்ரவரியில் தருமபுரிப் பக்கம் பிடித்த மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை ஒன்றை எங்கள் மலையில், டாப்சிலிப் வரகளியாறு காட்டில் கழுத்துப்பட்டை மாட்டி விட்டார்கள். அது இரண்டு வாரம்கூட இருக்கப் பிடிக்காமல் மலையிறங்கி, பொள்ளாச்சி தாண்டி, கோயம்புத்தூர் எல்லை வரைக்கும் நடந்தே வந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பது காலரால் தெரிந்துகொண்டே இருந்தது. நிறுத்தத்தான் யாராலும் முடியவில்லை. கடைசியில் மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த யானையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தன் ஊருக்குப் போகிற வழியைத் தேடியிருக்கிறது. மேப்பில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் காப்பாற்றுவதும் வேறு வேறு என்று அந்த வாரம் டிவி பார்த்த எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

அந்தப் புள்ளி தப்பான ஆள் கையில் சிக்கினால் இன்னும் மோசம். 2013ல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில், காலர் மாட்டிய புலியின் இருப்பிடத் தகவல் வருகிற மின்னஞ்சலை யாரோ வெளியிலிருந்து திறக்க முயன்ற விவகாரம் நடந்தது. நல்லவேளை, முயற்சியோடு நின்றது. நம் ஊரில் அந்த அளவுக்கு ஹேக்கர் தேவையில்லை, வாட்ஸ்அப் குரூப்பே போதும்.

ஒலிப்பதிவுக் கருவிகள் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு ரெக்கார்டர், ஜிப் கவருக்குள் போட்டு மரத்தில் கட்டிவிட்டு வந்தால் நாள் முழுக்கக் காட்டின் சத்தத்தைப் பதிவு செய்யும். வால்பாறையில் 2000களின் தொடக்கத்திலிருந்து என்.சி.எஃப். ஆட்கள் சிதைந்துபோன துண்டுக்காடுகளில் நாட்டு மழைக்காட்டு மரங்களை நட்டு வருகிறார்கள். அப்படி நட்ட காடு, தானாக வளர விட்ட காடு, கை படாத காடு மூன்றிலும் ரெக்கார்டர் வைத்துப் பறவைகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நட்ட இடங்களில் மழைக்காட்டுப் பறவைகள் திரும்பி வருவது காதால் கேட்டே தெரிகிறது, ஆனாலும் பழைய காட்டை இன்னும் எட்டவில்லை. ஒரே தொல்லை சில்வண்டு. சாயங்காலம் அது ஆரம்பித்தால் அந்த அலைவரிசையில் வேறு எதுவும் கேட்காது.

இதே காது வேலையை சுமத்ராவில் வேறு விதமாகச் செய்தார்கள். டோஃபர் வைட் என்கிற அமெரிக்கர், தூக்கிப்போட்ட பழைய ஸ்மார்ட்போன்களைச் சுற்றிச் சோலார் பட்டைகளைப் பூவிதழ் மாதிரி விரித்து மரத்தின் உச்சியில் கட்டினார். கிப்பன் குரங்குகள் வாழ்கிற காடு அது. மரம் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டதும் காவலருக்குச் சேதி போகும், அவர்கள் போய் மடக்குவார்கள். அது ஓடியதற்குக் காரணம் காட்டோரம் வரை செல்போன் டவர் இருந்ததும், சேதி வந்தவுடன் கிளம்ப ஆள் தயாராக இருந்ததும்தான். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது மரத்தில் தொங்குகிற பழைய போன்.

நம் கதைக்கே திரும்புகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய வருத்தம் இருக்கிறது. விளக்கு எரிவதைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டி 'எங்கே யானை, எங்கே யானை' என்று இறங்குகிற டூரிஸ்ட் கூட்டம் இப்போது பெருகிவிட்டது. எச்சரிக்கை விளக்கு அவர்களுக்கு விளம்பரப் பலகை. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி ரோட்டில் டைகர் வேலி பக்கம் ஒத்தை யானை நின்றுகொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன, ஜனங்கள் கத்துகிறார்கள். பைக்கில் வந்த ஜெர்மன்காரர் ஒருவர் தாண்டிப் போய்விடலாம் என்று போனார். யானை தூக்கிப் போட்டதில் இறந்துவிட்டார். அங்கே எந்தக் கருவி குறைவாக இருந்தது? யானை கண்ணெதிரே நின்றது, மனிதர்கள் வாயால் சொன்னார்கள். அந்த மலையில் விளக்கு எரிந்தால் தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்பது யோசிக்க வேண்டிய விஷயம், ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் பாட்டில் தேடுகிற நேரத்தில் இதையும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாம்.

ஊர்க்காரர்கள் என்று சொன்னேன், அதுவும் மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் லைனில் இருந்த பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள், நானும்தான். அந்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். குறுஞ்செய்தி தமிழில் வந்தால் என்ன, ஆங்கிலத்தில் வந்தால் என்ன, அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கேபிளில் ஓடுகிற வரியும் அப்படியே. விளக்கு மட்டும் அவர்களுக்கும் புரிகிறது. குரல் அழைப்பை இந்தியிலும், ஜார்க்கண்ட் பக்கம் பேசுகிற சாத்ரி மொழியிலும் பதிவு செய்வது ஒன்றும் பெரிய செலவு இல்லை, அவர்களிலேயே ஒருவரைப் பேச வைத்தால் முடிந்தது.

சிறுத்தைக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. யானை கூட்டமாக வரும், சாணி போடும், மரத்தை ஒடிக்கும், பகலில் எங்கே நிற்கிறது என்று தேடிப் பிடிக்கலாம். சிறுத்தை லைனுக்குப் பின்னால் தேயிலைப் புதருக்குள் படுத்திருந்தால் யாருக்கும் தெரியாது. 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளியின் நாலு வயதுக் குழந்தையை வீட்டு வாசலிலிருந்தே தூக்கிப்போய்விட்டது. அதற்குப் பிறகு கூண்டு வைத்தார்கள், கேமரா வைத்தார்கள். அத்தையைக் கேட்டால், வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளர்ந்த உண்ணிச்செடியை வெட்டுங்கள், கக்கூஸுக்குப் போகிற வழியில் ஒரு லைட் போடுங்கள், கோழிக்கழிவை ஓடையில் கொட்டாதீர்கள் என்பார். அவர் கேட்பதில் லைட் ஒன்றுதான் கருவி, அதுவும் சாதா டியூப்லைட்.

கடைசியாக ஒரு எலக்ட்ரானிக்ஸ்காரன் கவலை. சிம் போட்ட எந்தக் கருவிக்கும் ஆயுள் அதன் டவரோடு கட்டப்பட்டது. பழைய 2ஜி மாட்யூல் போட்ட பெட்டிகளெல்லாம் அந்த சேவை நிற்கிற அன்றைக்கு வெறும் டப்பா ஆகிவிடும், முன்கூட்டியே மாற்றியாக வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டும், மழையில் துருப்பிடிக்கிற போல்ட்டை மாற்ற வேண்டும், ஒவ்வொரு சிம்முக்கும் ரீசார்ஜ் போட வேண்டும். புதுக் கருவி திறப்பு விழாவுக்குக் காசு கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். ரீசார்ஜுக்குக் கேட்டுப்பாருங்கள். வால்பாறையில் ரிசார்ட் நடத்துகிறவர்கள் ஆளுக்கு ஒரு கம்பத்தை எடுத்துக்கொண்டால்கூட இந்தச் செலவு தீர்ந்துவிடும், அவர்கள் வாங்குகிற ஒரு நாள் ரூம் வாடகைக்குள் ஒரு சிம்மின் ஒரு வருஷ ரீசார்ஜ் அடங்கிவிடும்.